தரையில் ஒட்டிய 6 அடி வட்டம் கவசம் அல்ல

"தரையில் ஒட்டியிருக்கும் பாதச்சுவடு ஸ்டிக்கர்மேல் நின்றால் போதும், கொரோனா கிருமி 6 அடி தாண்டாது" என்று ஒரு செய்தி இன்னும் சுற்றுகிறது. தவறு.

2020இல் உலக சுகாதார அமைப்பு சொன்னது குறைந்தது 1 மீட்டர். ஆஸ்திரேலியப் பலகைகளில் 1.5 மீட்டர், பிரிட்டனில் 2, அமெரிக்காவில் 6 அடி. கிருமி என்னவோ ஒன்றுதான்!

இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் சீக்கிரம் தரையில் விழுந்துவிடும். பேச்சிலும் மூச்சிலும் வரும் நுண்துளிகள் அப்படியல்ல; ஜன்னல் சாத்திய அறையில் சிகரெட் புகை மூலைமூலையாகப் பரவுகிற மாதிரி மிதந்துகொண்டே இருக்கும். இதை 2021இல் உலக சுகாதார அமைப்பும் ஏற்றுக்கொண்டது.

சரி, அப்படியானால் ஸ்டிக்கர் வீணா? இல்லை. நெருங்கி நிற்பதில்தான் ஆபத்து அதிகம். ஆனால் காற்றோட்டமில்லாத அறையில் அந்த வட்டத்தை மட்டும் நம்பி முகக்கவசத்தைக் கழற்றிவிட முடியாது.