களத்தில் ஆடியவருக்குக் கூலி தர வேண்டியவர் யார்?

1955ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஒரு சிறிய கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் ஆட்டம்) அணிக்காக ஆடிய ரே டெனிசன் என்பவர், ஆட்டத்தின்போது தலையில் பட்ட அடியால் உயிரிழந்தார். வேலையின்போது இறந்துபோகும் தொழிலாளியின் குடும்பத்துக்கு உரிய இழப்பீட்டை அவருடைய மனைவி கேட்டார். கல்லூரி ஒன்றும் கால்பந்து வியாபாரம் நடத்தவில்லை என்று சொல்லி, 1957இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. இத்தகைய வழக்குகளுக்கு அஞ்சித்தான், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் அன்றைய தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸ், வீரர்களைத் தொழிலாளர்களாகக் கருதவிடாத 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் அவரே அதை ஒப்புக்கொண்டார். ஆக, கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் தர வேண்டுமா என்ற இன்றைய விவாதத்தின் வேரில் கிடப்பது, ஒரு சாவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி.

கல்லூரி வீரர்களுக்குப் பணம் தர வேண்டியது பல்கலைக்கழகம்தான், அதுவும் முதலாளி என்ற பெயரை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டுதான் தர வேண்டும் என்பது என் கருத்து. கடந்த சில ஆண்டுகளில் வந்த மாற்றங்கள் எல்லாம் அந்தப் பெயரைத் தவிர்ப்பதற்கான சுற்றுவழிகளாகவே எனக்குத் தோன்றுகின்றன.

2021 ஜூலை முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. அந்த உரிமை நியாயமானதே. ஆனால், பணக்கார முன்னாள் மாணவர்களும் ரசிகர்களும் நிதி திரட்டி, விளம்பரம் என்ற பெயரில் வீரர்களைத் தங்கள் அணிக்கு இழுக்கும் ஏற்பாடாக அது விரைவிலேயே மாறிவிட்டது. பல்கலைக்கழகம் தர வேண்டிய கூலியை நன்கொடையாளர் தந்துகொண்டிருந்தார். பணமே இல்லாததால் இப்படி நடந்தது என்றும் சொல்ல முடியாது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023இல் தன் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து நீக்கியபோது, இனி வேலை செய்யாமல் இருப்பதற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல்!

2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக வீரர்கள் தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். முன்பு இந்தப் பணம் கிடைக்காமல் ஆடியவர்களுக்கான பழைய பாக்கிக்காகப் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 280 கோடி டாலர் தனி. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் இந்தத் தொகை ஊதியமாகக் கருதப்படுவதில்லை. முழங்கால் முறிந்தவருக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. உச்சவரம்பு எவ்வளவு என்று பேரம் பேச வீரர்களுக்குத் தொழிற்சங்கமும் கிடையாது. டார்ட்மவுத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13க்கு 2 என்ற வாக்கில் சங்கம் அமைக்க முடிவு செய்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பெரும்பாலான கல்லூரிகளில் விளையாட்டுத் துறை நட்டத்தில்தான் ஓடுகிறது, பல இடங்களில் மற்ற மாணவர்களின் கட்டணத்தைக் கொண்டுதான் அது நடக்கிறது என்ற மறுப்பு வலுவானது. எல்லாக் கல்லூரிகளையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் கணக்கில் கோடிகள் புரளும் இடத்தில் கூலி கொடுக்கட்டும். மற்ற இடங்களில் காயத்துக்கான பொறுப்பையாவது ஏற்கட்டும். பெண் வீரர்களின் பங்கு பற்றிய சிக்கலுக்கு மட்டும் என்னிடம் எளிய விடை இல்லை. பழைய பாக்கியின் பெரும்பகுதி ஆண்களின் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போவதை எதிர்த்து, 1972ஆம் ஆண்டின் பாலினச் சமத்துவச் சட்டத்தைக் காட்டி, சில பெண் வீரர்கள் மேல்முறையீடு செய்தார்கள்.

இந்த விவாதத்தில் பேசப்படாமல் தப்பித்துக்கொள்பவர்கள் தொழில்முறை லீக்குகள். பேஸ்பால் அணிகள் தங்கள் இளம் வீரர்களைச் சிறு லீக்குகளில் சம்பளம் கொடுத்து வளர்க்கின்றன. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லோ, பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகாதவரைச் சேர்ப்பதில்லை. அந்த மூன்று ஆண்டுகளும் கல்லூரித் திடலில் கழிகின்றன. தேறி வருபவரைச் செலவில்லாமல் பெற்றுக்கொள்ளும் அந்த லீக், இடையில் உடல் முறிந்து வெளியேறுகிறவருக்காக ஒரு காப்பீட்டு நிதிக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்.