ஒரு கிலோ வீணாப் போனா அது யார் கணக்கு?

வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "குடும்பம் ஒத்துழைக்கணும்" என்று முடித்துவிடுகிறோம். எந்த வேலையில், எத்தனை மணிக்கு என்று கேட்பவர் குறைவு.

மோர்மிளகாயையே எடுத்துக்கொள்வோம். மாசி, பங்குனியில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சின்னக் குண்டுக் குடமிளகாய் (கறிக்குப் போடும் பெரிய குடமிளகாய் இல்லை) வாங்கி ஊறப்போடும் வீடுகள் ஏராளம். ஒரு கிலோவுக்குப் புளித்த கெட்டி மோர் ஒரு லிட்டர், கல்லுப்பு 150 கிராம். காம்பைக் கிள்ளக் கூடாது. நுனியில் சின்னதாகக் கீறினால் போதும். நீளமாகக் கீறினால் விதை கொட்டி, வறுக்கும்போது எண்ணெயில் கருகும். இரண்டு நாள் ஊறியபின் பகலில் வெயில், பொழுது சாய்ந்ததும் திரும்ப அதே மோர். மோர் வற்றும்வரை இதே வேலை. பிறகு அள்ளிப் போட்டால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவேண்டும்.

மூணு மணிக்கு வானம் கறுத்தால் மாடிக்கு ஓடுவது யார்? ஈரத்தோடு குவித்து மூடினால் மறுநாள் காம்படியில் பூஞ்சை பூத்திருக்கும். மந்தாரமான நாளில் மோரிலேயே விட்டு, ரெண்டு தரம் கிளறிவிட வேண்டும். இந்தப் பக்குவம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்தால்தான் தொழில் செய்கிறவள் மகளிர் குழுக் கூட்டத்துக்கோ பேங்குக்கோ நிம்மதியாகப் போய்வர முடியும். "நீ பண்ணும்மா, நான் வேணாம்னா சொன்னேன்" என்பதெல்லாம் ஒத்துழைப்பில் சேராது.

புதுசாக ஒன்று செய்து பார்ப்பதற்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். உப்பு குறைவாகக் கேட்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். 150ஐ 100 ஆக்கினால் ஊறும்போதே கெட்டுவாடை வரக்கூடும். வெயிலும் கூடுதலாக வேண்டியிருக்கலாம். அரை கிலோவைத் தனிச்சட்டியில் போட்டுத்தான் பார்க்கணும். அது வீணானால் "காசைக் கரியாக்கிட்டியே" என்று ஒரு குரல் எழும் வீட்டில் இரண்டாவது சட்டி ஏறாது. விற்ற பணம் அப்படியே மளிகைக் கடனுக்குப் போகும் வீட்டிலும் அதே கதைதான்.

மாமியார் கைப்பக்குவம் பெரிய சொத்து, மறுக்கவில்லை. வானத்தைப் பார்த்தே இன்றைக்குக் காயுமா என்று சொல்லிவிடுவார்கள். மோரில் வெந்தயம் சேர்த்துப் பார்க்கலாமா என்று மருமகள் கேட்டால், "நம்ம வீட்ல வெந்தயம் போட மாட்டோம்" என்று அதே வாய் சொல்லும்போதுதான் சிக்கல்.

பல வீடுகளில் ஆர்டர் வரும் போன் கணவர் கையில். பார்சல் கட்டுவது, பஸ்ஸில் ஏற்றுவது எல்லாம் அவர்தான், நல்ல உதவி. ஆனால் வாங்கினவர் "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் அவரோடு நின்றுவிடுகிறது. அடுத்த சட்டியிலும் அதே 150 கிராம்.