வானம் அழவில்லை

அப்பா இறந்தபோது ஒரு இரங்கல் கவிதை எழுதினேன். அதில் "வானமும் அழுதது" என்று ஒரு வரி. படித்தவர்கள் அந்த வரியைத்தான் பாராட்டினார்கள். ஆனால் அன்று மழையே இல்லை. சுள்ளென்ற வெயில். முந்தின நாள் துவைத்துப் போட்ட அவருடைய சட்டை கொடியில் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது.

அந்த வரி என்னை இன்றும் உறுத்துகிறது. ஒப்பாரிக்கு ஆள் சேர்ப்பதுபோல நிலாவையும் மழையையும் கவிதைக்குள் இழுத்து வருகிறோம். நம் துக்கத்துக்காக அவை அழவேண்டும், காதலுக்காகச் சிரிக்கவேண்டும். அவற்றுக்கென்று ஒரு வேலையே இல்லையா?

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு, கபிலருடையது. மொத்தமே ஐந்து அடி. தலைவன் தன்னைக் கூடியபோது சாட்சி யாரும் இல்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கலங்குகிறாள் தலைவி. உடனே, ஒரு குருகு, ஒரு கொக்கு, இருந்தது என்கிறாள். ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு. "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால" என்று, தினையின் தண்டு போன்ற அதன் சிறிய பசுங்காலைச் சொல்கிறாள். இத்தனை தவிப்பில் கொக்கின் கால் எதற்கு ஞாபகம் வருகிறது? நான் இப்படிப் படிக்கிறேன்: வெட்கத்தில் தலை குனிந்தவள் கண்ணுக்கு அந்தக் கால்தான் தெரிந்திருக்கும். குருகோ மீனிலேயே கண்ணாக இருந்தது. இருந்த ஒரே சாட்சியும் இவளைப் பார்க்கவில்லை. இந்தத் தனிமையைக் கபிலர் விளக்கவே இல்லை, கொக்கைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

புறநானூறு 242 இன்னும் வலிக்கும். வல்வேல் சாத்தன் என்ற வீரன் இறந்துவிட்டான். இளையவர்கள் பூச் சூடவில்லை, வளையணிந்த பெண்கள் கொய்யவில்லை. யாழின் வளைந்த கொம்பால் மெல்ல வளைத்துப் பறிக்கும் பாணனும் சூடவில்லை, பாடினியும் அணியவில்லை. (அந்த "மெல்ல" என்ற சொல்லிடம் நான் எப்போதும் நின்றுவிடுவேன்.) "முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே" என்று கேட்கிறார் குடவாயிற் கீரத்தனார். முல்லை வாடியது என்று அவர் எழுதியிருக்கலாம், கேட்க ஆளில்லை. ஆனால் அது பூத்திருந்தது. பூத்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. "முல்லையும்" என்பதில் உள்ள அந்த "உம்" போதும், நீயுமா என்ற ஆற்றாமை முழுக்க அதில் இருக்கிறது.

போன வாரம் என் பழைய கவிதையை எடுத்தேன். வானம் அழுத வரியை அடித்துவிட்டு, சட்டை காய்ந்ததை எழுதியிருக்கிறேன்.