கையெழுத்துப் போடாதீர்கள் என்பவர்களுக்கு

தில்லித் தமிழர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போன வாரம் ஒரு ஃபார்வர்டு சுற்றியது. "ஐசியூவில் உறவினர் இருக்கும்போது ஆராய்ச்சி என்று சொல்லி ஒரு ஃபாரத்தை நீட்டுவார்கள். எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் அப்பாவைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்கள்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு மாமா, "மிக அவசியமான தகவல், அனைவருக்கும் பகிரவும்" என்று வேறு.

அந்த ஃபாரத்தை நீட்டுகிற ஆள் நான்தான். இங்கே ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலை. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆய்வு பற்றி வீட்டாருக்கு விளக்குவது, சம்மதம் வாங்குவது, விவரங்களைப் பதிவது, டிஸ்சார்ஜ் ஆனபின் போன் போட்டு எப்படி இருக்கிறார் என்று கேட்பது, இதெல்லாம் என் பாடு. குழுவில் பதில் போட்டால் மாமாவோடு சண்டை வரும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சோதித்துப் பார்க்காத சிகிச்சைக்கு நாம் பயப்படுவதே இல்லை. சோதனைக்குத்தான் பயப்படுகிறோம்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் தில்லியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆக்சிஜன், படுக்கை, அதற்கடுத்து பிளாஸ்மா, அதாவது குணமானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற நீர்ப்பகுதி. "பி பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம், துவாரகா" என்று நிமிஷத்துக்கு ஒரு செய்தி வரும். கொரோனா வந்து குணமானவர்களைத் தேடி, கெஞ்சி, வண்டி வைத்துக் கூட்டிவந்து கொடுக்க வைத்தார்கள். வீட்டில் ஒருவர் வென்டிலேட்டரில் கிடக்க, இன்னொருவர் ஊரடங்கில் ரத்த வங்கி வாசலில் நின்றார். ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பே, 2020 அக்டோபரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்திருந்தது. நம் நாட்டின் 39 மருத்துவமனைகள், மிதமான கொரோனா பாதிப்போடு சேர்ந்த 464 நோயாளிகள். நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள், பிளாஸ்மா கொடுத்த குழுவில் நூற்றுக்கு 19, கொடுக்காத குழுவில் 18. பலன் இல்லை, அவ்வளவுதான். அப்புறம் பிரிட்டனில் பதினோராயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்ததிலும் அதே கதை. அரசின் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை எடுத்தது 2021 மே 17 அன்று. அதற்குள் இரண்டாம் அலையின் உச்சமே கடந்துவிட்டது.

அந்த 464 பேருக்கும், அவர்களோ அவர்கள் வீட்டாரோ, பயத்தோடுதான், ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களால்தான் நமக்கு உண்மை தெரிந்தது. தெரிந்த உண்மையை நாம் பயன்படுத்தவில்லை என்பது வேறு வயிற்றெரிச்சல்.

"இத்தனை வருஷ அனுபவமுள்ள டாக்டருக்குத் தெரியாதா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. பதிலுக்குத் தலைக்காயத்தை எடுத்துக்கொள்வோம். தலையில் அடிபட்டு வந்தால் மூளை வீக்கம் குறையட்டும் என்று ஸ்டீராய்டு கொடுப்பது பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்க வழக்கம். கேட்டால் தர்க்கமாகத்தான் இருக்கும். 2004-ல், இதைச் சோதித்துப் பார்த்த கிராஷ் (CRASH) என்ற ஆய்வின் முடிவு வந்தது. பத்தாயிரத்துச் சொச்சம் பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு வெறும் மருந்தில்லாத ஊசி. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு குழுவில் நூற்றுக்கு 21, மற்றதில் 18. நல்லதென்று நினைத்துக் கொடுத்த மருந்து நூற்றுக்கு மூன்று பேரைக் கூடுதலாகக் கொன்றிருக்கிறது.

இந்த மூன்று பேரை எந்த டாக்டரின் கண்ணும் பார்த்திருக்க முடியாது. ஐசியூவுக்கு வருகிறவர்களில் பலர் என்ன செய்தாலும் பிழைப்பார்கள், சிலர் என்ன செய்தாலும் போய்விடுவார்கள். நடுவில் இருக்கிற அந்த மூன்று பேர் கூட்டத்தில் கரைந்துவிடுகிறார்கள். பிழைத்தவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார், டாக்டர் மனதில் மருந்து நிற்கும். இறந்தவர் விஷயத்தில் "கேஸ் அப்படி" என்று ஆகிவிடும். ஆயிரக்கணக்கானவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து எண்ணினால்தான் வித்தியாசம் தெரியும். குலுக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு முகம் சுருங்கும், தெரியும். ஆனால் டாக்டரே தேர்ந்தெடுத்தால் தெம்பாக இருக்கிறவருக்கு ஒரு மருந்து, மோசமாக இருக்கிறவருக்கு ஒன்று என்று அவரையறியாமல் கை சாயும். அப்புறம் மருந்து வேலை செய்ததா, தெம்பு வேலை செய்ததா என்று யார் சொல்வது?

மயூர் விஹாரிலிருந்து ஒரு குடும்பம். அப்பாவுக்கு நிமோனியா, வென்டிலேட்டர். மகன் வெளியே இரும்பு நாற்காலியில் ரிப்போர்ட் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தமிழ் என்று தெரிந்ததும் கொஞ்சம் தளர்ந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை ஒரு குழுவுக்கு 90 சதவீதத்தை ஒட்டியும் இன்னொரு குழுவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் வைத்துப் பார்க்கும் ஆய்வு, இரண்டுமே இப்போது டாக்டர்கள் செய்வதுதான் என்று சொன்னேன்.

"எங்கப்பாவுக்கு எது?"

"கம்ப்யூட்டர் முடிவு பண்ணும் சார்."

"ஏன், டாக்டருக்கே தெரியாதா?"

"தெரியாது சார். யாருக்குமே தெரியாது. அதான் பாக்கறோம்."

திருச்சியில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார். ஐந்து நிமிஷத்தில் "வேண்டாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். எடுத்துக்கொள்ளவில்லை, வேண்டாம் என்று சொல்வது அவர் உரிமை. அதனால் அவர் அப்பாவுக்குச் சிகிச்சையில் ஒரு குறையும் வராது, வரவும் இல்லை. ஆனால் அன்று சாயங்காலமே அவர் டியூட்டி டாக்டரைப் பிடித்து, "இம்யூனிட்டிக்கு ஏதோ விலை ஜாஸ்தி இன்ஜெக்‌ஷன் இருக்காமே, என் ஃப்ரெண்டு சொன்னான், காசு பிரச்சினை இல்ல, போட்டுடுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு ஃபாரம் கிடையாது, நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டி கிடையாது, கணக்கும் கிடையாது. பலித்ததா என்று எண்ணப்போகிறவரும் யாரும் கிடையாது. எது உண்மையில் எலி வேலை?

சந்தேகப்படுகிறவர்களை நான் முட்டாள் என்று சொல்லவில்லை. இந்த நாட்டில் மருந்து சோதனைகள் அசிங்கமாக நடந்த காலம் உண்டு. 2013-ல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டிய அளவுக்குப் போனது. அதற்குப் பின்தான் விதிகள் இறுகின. 2019-ல் வந்த புதிய மருந்து, மருத்துவச் சோதனை விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் கொடுத்தாக வேண்டும். எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் இல்லாமல் ஆரம்பிக்க முடியாது. நோயாளி மயக்கத்தில் இருந்தால் வீட்டார் சம்மதம் கொடுக்கலாம், நினைவு திரும்பியதும் அவரிடமே மறுபடி கேட்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காகிதத்தில் எல்லாம் சரி. நடைமுறையில், முனிர்க்காவில் இருந்து வந்த தமிழ்ப் பாட்டி கையில் பக்கம் பக்கமாக இங்கிலீஷும் இந்தியும் அடித்த படிவத்தைக் கொடுத்து, "இங்க ஒரு சைன்" என்று விரலை வைத்துக் காட்டுகிற ஆட்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். அது சம்மதமே இல்லை. அந்த இடத்தில் ஃபார்வர்டு எழுதினவர் பக்கம்தான் நான்.

சம்மதம் வாங்குவதில் விபத்து வார்டுதான் இன்னும் சிக்கல். டிரானெக்சாமிக் அமிலம் 1960-களில் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி கண்டுபிடித்த மருந்து. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமானால் பெண்களுக்கு எழுதிக்கொடுப்பார்களே, அதேதான். விபத்தில் ரத்தம் போகிறவர்களுக்கு அது உதவுமா என்று 40 நாடுகளில் 20,000-க்கும் அதிகமானோரிடம் பார்த்தார்கள், இந்தியாவிலிருந்து மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள். 2010-ல் பதில் வந்தது: உதவும். ஆனால் மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது அடுத்த வருஷம் தெளிவானது. ஒவ்வொரு கால் மணி நேரத் தாமதத்துக்கும் பலன் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று பின்னால் கணக்கிட்டார்கள். ரிங் ரோட்டில் லாரி அடித்துத் தூக்கி வரப்பட்ட, பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு யாரிடம் போய் கையெழுத்து வாங்குவது? இந்த மாதிரி இடங்களில், கமிட்டி முன்கூட்டியே அனுமதித்து, வீட்டார் வந்ததும் சொல்லிச் சம்மதம் கேட்கிற முறையை நான் ஆதரிக்கிறேன். இதைச் சொன்னால் திட்டு விழும், விழட்டும். முதலில் சம்மதம் என்று பிடிவாதம் பிடித்தால், உறவினர் கூடவே வந்தவர்களை வைத்து மட்டும்தான் ஆய்வு நடக்கும். தனியாக அடிபட்டுக் கிடக்கிறவருக்கு எது நல்லது என்று கடைசிவரை தெரியாது.

வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிக்கட்டும், நாம் வாங்கிக்கொள்வோம் என்பதும் நடக்காது. ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலை யார் பாஸ்டனில் உட்கார்ந்து ஆராயப் போகிறார்கள்? மழை முடிந்ததும் வட இந்தியாவிலும் நம் தமிழ்நாட்டிலும் ஐசியூக்களை நிரப்பும் காய்ச்சல் அது. வேலூர் சிஎம்சி முன்னின்று, ஏழு இந்திய மையங்களில் ஏறக்குறைய 800 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023-ல் வந்தது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின், இரண்டுமே பழைய ஆன்டிபயாடிக் மருந்து. இரண்டையும் சேர்த்து நரம்பில் கொடுத்தால், மரணம், தீராத சிக்கல், விடாத காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் நூற்றுக்கு 33. தனித்தனியாகக் கொடுத்தால் 47, 48. மரணம் மட்டும் என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இது நம் ஆட்கள், நம் நோயாளிகளை வைத்து, நமக்காகக் கண்டது. எனக்குப் பெருமைதான்.

எங்கள் பக்கம் ஒரு பெரிய குறை உண்டு. கையெழுத்து வாங்கும்போது இருக்கிற பணிவு முடிவு வந்தபின் இருப்பதில்லை. ஆய்வு ஏதோ ஒரு ஆங்கில இதழில் வெளியாகும், டாக்டர்கள் மாநாட்டில் கைதட்டு வாங்குவார்கள், கையெழுத்துப் போட்ட மகளுக்கோ மனைவிக்கோ ஒரு எஸ்எம்எஸ்கூடப் போகாது. ஆய்வில் சேர்ந்த 90-ஆம் நாள் போன் போட்டு "உயிரோடு இருக்கிறாரா" என்று கேட்கத் தெரிந்த எங்களுக்கு, இரண்டு வருஷம் கழித்து "உங்கள் அப்பா சேர்ந்த ஆய்வில் இதுதான் தெரிந்தது" என்று தமிழிலோ இந்தியிலோ நாலு வரி அனுப்பத் தெரியாதா? எங்கள் பிரிவில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை என்கிறார்கள்.

ஃபாரம் உங்களிடம் வந்தால் உடனே கிழிக்கவும் வேண்டாம், உடனே போடவும் வேண்டாம். சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும், சேர்ந்தால் அதில் எது மாறும், செலவு யாருடையது என்று கேளுங்கள். ஆய்வின் சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடு, CTRI) பதிவு எண்ணைக் கேளுங்கள். மருந்து சோதனைகளை அங்கே பதிவு செய்வது 2009-லிருந்து கட்டாயம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பார்க்கத் தெரியாவிட்டால் எண்ணை எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், எந்த மருத்துவமனையாக இருந்தாலும் படித்துத் தமிழில் சொல்கிறேன். ஆர்.கே.புரம் மாமாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.