நுண்பஞ்சுத் துகள்கள் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலக்குமா?

முகப்பரு ஜெல்களில் மருந்தைத் தாங்கி நிற்கும், பஞ்சுபோல் நுண்துளைகள் கொண்ட நுண்பஞ்சுத் துகள்கள் (மைக்ரோஸ்பாஞ்ச்) தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, பிளாஸ்டிக்காக உடலில் தங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. 1997-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த ரெட்டின்-ஏ மைக்ரோ ஜெல்லில், ட்ரெட்டினோயின் என்னும் மருந்து, எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட அக்ரிலேட் பாலிமர் உருண்டைகளுக்குள் அடைக்கப்பட்டுள்ளது. இந்த உருண்டைகளே நுண்பஞ்சுத் துகள்கள்; அவை பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தவை என்பது மட்டும் உண்மை.

ஆனால் நுண்பஞ்சுத் துகள்களின் விட்டம் பொதுவாக 5 முதல் 300 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். தோலின் மேலடுக்கிலுள்ள இறந்த செல்களுக்கு இடையிலான இடைவெளியோ ஒரு மைக்ரோமீட்டரில் நூற்றில் சில பங்குதான். ஆகவே துகள்கள் தோலின் மேற்பரப்பிலும் மயிர்க்கால்களின் வாயிலும் நின்றுவிட, மருந்து மட்டுமே சிறிது சிறிதாகக் கசிந்து உள்ளே செல்கிறது. மருந்து முழுவதும் ஒரேயடியாகத் தோலில் இறங்கினால் ஏற்படும் எரிச்சலைக் குறைப்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

எச்சரிக்கை தேவைப்படுவது துகளுக்கு அல்ல, மருந்துக்கே: ட்ரெட்டினோயின் பூசிய தோல் வெயிலில் எளிதில் கன்றிவிடும், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.