சிரிப்பதற்கு முன்னால் பழைய பாடத்தைப் படித்துவிட்டு வரணுமாம்

படம் பிடிக்கவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஆள்தான் நான். இந்த முறை முடியவில்லை.

"அக்கா, செம காமெடி. பெரியம்மாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றான் சித்தப்பா மகன். அந்தப் படத்தின் இயக்குநர் தும்மினாலும் கைதட்டுகிறவன் அவன். தெரிந்தும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை, கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு பஸ். முப்பது கிலோமீட்டர்கூட வராது, ஆனால் தொட்டபெட்டா பிரிவைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது, வண்டி குறைந்ததாகத் தெரியவில்லை. அது தனி வயிற்றெரிச்சல், இன்னொரு நாள் பேசுகிறேன்.

படம் தொடங்கிப் பத்து நிமிஷம். கதாநாயகனின் மாமா ஒரு கிழிந்த குடையோடு வந்து நிற்கிறார். அவ்வளவுதான், வசனம்கூட இல்லை. தியேட்டரே விசிலடித்துக் கூத்தாடுகிறது. "என்னம்மா ஆச்சு?" என்று அம்மா என் காதில் கேட்கிறார். எனக்கென்ன தெரியும்? பக்கத்து சீட் பையன்தான் இரக்கப்பட்டு, "டைரக்டரோட முதல் படத்துல வர்ற குடை க்கா" என்றான். சரி. அடுத்து ஒருத்தர் "அப்புறம்?" என்கிறார், மறுபடியும் விசில். அது ரெண்டாவது படத்து வசனமாம். முன்பின் தெரியாத கல்யாண வீட்டில், சொந்தக்காரர்கள் எல்லோரும் பழைய கதை பேசிச் சிரிக்க, நாம் மட்டும் மொய்க் கவரோடு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

பழைய படம் பார்க்காதவர்களுக்கு என்று ஏதாவது வைத்திருக்க வேண்டுமே, வைத்திருக்கிறார். கக்கூஸ். கதவு திறக்கவில்லை, உள்ளே ஒருத்தர், வெளியே மூன்று பேர், விதவிதமான சத்தம். முடிந்தது என்று நினைக்கும்போதெல்லாம் இன்னொரு சத்தம். அம்மா வர்க்கி பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் யு/ஏ 16+ என்று சான்றிதழ் காட்டினார்கள். பதினாறு வயசு ஆகாதவர்கள் பெற்றோர் துணையோடு பார்க்கலாமாம். எனக்கு 38 வயது, பெற்றோர் பக்கத்திலேயே இருந்தார், அப்போதும் தாங்கவில்லை.

இடைவேளையில் கிளம்பியிருப்போம். வெளியே மழை, எதிர்க் கடை தெரியாத அளவுக்கு மேகம், பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். உள்ளே குளிராவது இல்லை என்று உட்கார்ந்தோம்.

ரெண்டாம் பாதியில் கதை எஸ்டேட்டுக்கு வருகிறது. தேயிலை பறிக்கிற பெண் குனிகிறாள், கேமரா பின்னால் போய் நிற்கிறது. "கொழுந்து" என்ற வார்த்தையை வைத்து ஐந்து நிமிஷம் ரெட்டை அர்த்தம். பக்கத்து சீட் பையன்கூட இதற்குச் சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பேரில் இலங்கைக் கண்டியிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா இருபத்தெட்டு வருஷம் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடி வாங்கி, அந்தக் கொழுந்தைத்தான் பறித்தார். என்னைப் படிக்க வைத்த வார்த்தை அது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸிலிருந்தே தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினேன். நிதானமாகச் சொல்கிறான்: "நீங்க அவரோட முதல் ரெண்டு படம் பார்க்கல இல்ல க்கா, அதான் கனெக்ட் ஆகல. அவரு ஃபேன்ஸுக்காக எடுத்தது." அப்படியென்றால் போஸ்டரில் போட வேண்டியதுதானே, 'ரசிகர்களுக்கு மட்டும், மற்றவர்கள் ஊட்டிக்கு பஸ் ஏற வேண்டாம்' என்று? "குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்க" என்று கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்கிறார்களே, எந்தக் குடும்பம் அது?

அம்மா போனை வாங்கினார். "தம்பி, அந்தப் புள்ள பறிச்சது பூராம் முத்தல் இலைடா. எடை போடுற எடத்துல மூஞ்சியிலயே கொட்டியிருப்பாங்க" என்றார்.

டேய் தம்பி, ரெண்டு டிக்கெட் காசும் பஸ் சார்ஜும் இன்னும் வரவில்லை. ஜிபே பண்ணு.