போங் சாவ்

ஹாங்காங், சிம் ஷா சுய். நேதன் ரோட்டிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி, எட்டு மேசை போட்ட நம்ம ஊர் மெஸ். மத்தியானம் மூணரை. சாப்பாட்டுக் கூட்டம் வடிந்துவிட்டது. ராத்திரி பரோட்டாவுக்கு மாவு உருண்டைகள் எண்ணெயில் ஊறிக் கிடக்கின்றன. ஒருவர் உள்ளே போக வேண்டுமானால் இன்னொருவர் வெளியே வரவேண்டும், அடுக்களை அவ்வளவுதான் அகலம். உள்ளே சுடலை அண்ணாச்சி, பரோட்டா மாஸ்டர், பூர்வீகம் ஆலங்குளம் பக்கம். வெளியே இசக்கி. கல்லாவும் அவன்தான், பரிமாறுவதும் அவன்தான். இப்போது வலது முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, மணிக்கட்டை முன்னால் தொங்கவிட்டு, அடிபட்ட கொக்கு மாதிரி நிற்கிறான்.

மாஸ்டர்: என்னல, சுளுக்கா?

இசக்கி: சுளுக்கு இல்ல அண்ணாச்சி. போங் சாவ்.

மாஸ்டர்: (கரண்டியைக் கீழே வைத்து) யாரு சாவ?

இசக்கி: யாரும் சாவல. குங்ஃபூ. விங் சுன்னு ஒரு வகை இருக்குல்லா, அதுல இது தடுப்பு. பேரே போங் சாவ்.

மாஸ்டர்: வெள்ளிக்கிழமையும் அதுவுமா இப்பதாம்ல சாம்பிராணி போட்டேன். கடைக்குள்ள நின்னுக்கிட்டு சாவு சாவுங்க.

இசக்கி: இங்கத்த பாஷையில சாவ்னா கை அண்ணாச்சி. போங்னா றெக்கை. றெக்கைக் கை.

மாஸ்டர்: இதுக்கு மேல வேற கையும் உண்டோ?

இசக்கி: உள்ளங்கை மேல பாக்க நீட்டுனா தான் சாவ்.

மாஸ்டர்: தானே சாவுறது.

இசக்கி: அண்ணாச்சி... நெஞ்சுக்கு முன்னால காவலுக்கு ஒரு கையை நிறுத்துனா வூ சாவ்.

மாஸ்டர்: ஊரு சாவு. கூட்டத்தோட போறது. சரி, இதையெல்லாம் எவன் சொல்லிக் குடுக்கான்?

இசக்கி: யாவ் மா டேய்ல ஒரு சிஃபூ இருக்காரு. பழைய கட்டடம், ஏழாவது மாடி. மூணு மாசமாப் போறேன்.

மாஸ்டர்: சிஃபூவா? மார்க்கெட்டுல அந்தக் கீரைக்காரம்மா என்னையும் சிஃபூன்னுல்லா கூப்புடுதா?

இசக்கி: இங்க கைத்தொழில் தெரிஞ்சவங்க எல்லாருமே சிஃபூதான். சமையக்காரரும் சிஃபூ, டாக்ஸிக்காரரும் சிஃபூ. குங்ஃபூன்னாலே சண்டைன்னு அர்த்தம் இல்லையாம். நாள்கணக்குல பாடுபட்டு கைக்கு வந்த தெறமைதான் குங்ஃபூ.

மாஸ்டர்: (நிமிர்ந்து) அப்பம் 27 வருசமா நான் குங்ஃபூ மாஸ்டரா இருந்திருக்கேன், எவனும் ஒரு வார்த்தை சொல்லல. சம்பளமும் ஏறல.

இசக்கி: நீங்க வேற. போன சனிக்கிழமை நடந்தது ஞாபகம் இருக்கா? கொத்து பரோட்டாவும் ஆம்லெட்டும் தின்னுட்டு ஒருத்தன் ஓடுனாம்லா, 86 டாலர்.

மாஸ்டர்: நீ தண்ணி டிரம்முல உக்காந்த அன்னைக்கா? மூடி ஒடஞ்சதுக்கு மொதலாளி என்னையல்லா கேட்டாரு.

இசக்கி: உக்காரல அண்ணாச்சி, தள்ளிவிட்டான். அன்னைக்கே நான் போங் சாவ் போட்டுட்டுதான் வாசல மறிச்சு நின்னேன். அவன் என் முழங்கையைப் பிடிச்சு, கதவைத் தொறக்க மாதிரி தொறந்துட்டுப் போயிட்டான்.

மாஸ்டர்: இதைப் போயி சிஃபூகிட்டச் சொன்னியா?

இசக்கி: சொன்னேன். சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சுட்டு, மழை வரதுக்கு முந்தியே ஏன் குடையை விரிச்ச, காத்துல்லா கொண்டு போகும்னாரு.

மாஸ்டர்: வெவரமான ஆளு. நீ என்ன பண்ணுத, மூணு மாசம் துட்டு கட்டி என்னத்தப் படிச்ச, காட்டு.

(இசக்கி மேசையை நகர்த்துகிறான். இரண்டு பாதங்களையும் உள்பக்கமாகத் திருப்பி, முழங்கால்களைச் சற்று மடக்கி நிற்கிறான்.)

மாஸ்டர்: மூத்திரம் முட்டுதா?

இசக்கி: ஆட்டை இடுக்குத நிலை அண்ணாச்சி. ரெண்டு தொடைக்கு நடுவுல ஒரு ஆட்டைப் பிடிச்சு வச்சிருக்க மாதிரி நிக்கணும்.

மாஸ்டர்: மூணு மாசமா ஆட்டைப் பிடிச்சுட்டா நின்ன? வித்திருந்தாலும் துட்டு கெடச்சிருக்கும்.

இசக்கி: மொத பாடம் சியூ நிம் தாவ். சின்ன எண்ணம்னு அர்த்தம். ஆடாம அசையாம நின்னு கையை மட்டும் நெளிய நெளிய நகத்தணும், ஒரு கை முன்னால போய்ச் சேர ஒரு நிமிஷம் எடுக்கும். அது முடியிற வாக்குலதான் போங் சாவே வருது. இப்பப் பாருங்க. முழங்கை மேல, தோளைத் தாண்டக் கூடாது. மணிக்கட்டு கீழ, நெஞ்சுக்கு நேர் நடுவுல. முழங்கை மடக்கு 90 டிகிரிக்குக் கூடுதலா தொறந்திருக்கணும். குறைஞ்சுதுன்னா அவன் குத்துத வேகத்துல கை உள்ள மடங்கி, அவன் கையும் நம்ம கையும் சேந்து நம்ம மூக்குல.

மாஸ்டர்: ரெண்டு குத்து. ஒண்ணு சொந்தச் செலவுல.

இசக்கி: அதான். இப்பக் குத்துங்க, நேரா.

(மாஸ்டர் வலது முஷ்டியை மைதா டப்பாவுக்குள் முக்கி எடுக்கிறார்.)

இசக்கி: அது எதுக்கு?

மாஸ்டர்: பட்டுச்சா படலையான்னு நாளைக்கு நீ வழக்கு பேசக்கூடாதுல்லா.

(சொன்ன கையோடு சுற்றிக் கொண்டுவந்து செவுளுக்குக் கொடுக்கிறார். மெதுவாகத்தான். கன்னத்தில் வட்டமாக மாவு.)

இசக்கி: அண்ணாச்சி! நேரா குத்தச் சொன்னேன்.

மாஸ்டர்: எங்க ஊருல எவம்ல நேரா குத்துதான்? சுத்தித்தான் விடுவான்.

இசக்கி: சுத்தி வாறதுக்கு இது கெடையாது. நேரா வார வெசைக்குத்தான் போங் சாவ். சுத்தி வந்தா வேற கை.

மாஸ்டர்: வேற சாவு. சரி, நேராவே வாறேன். நீ போஸ்ல நில்லு.

(இசக்கி கொக்காகிறான். மாஸ்டர் குத்தவில்லை. ஒரே ஒரு விரலை நீட்டி, தூக்கியிருக்கும் முழங்கைக்குக் கீழே விலாவில் குத்துகிறார். இசக்கி துள்ளிப் போய் கல்லாப் பெட்டியில் இடிக்கிறான். கறுப்பு டீ சர்ட்டில் இரண்டாவது வட்டம்.)

மாஸ்டர்: வாசல இழுத்துப் பூட்டிட்டு கொல்லைக் கதவைத் தொறந்து போட்டிருக்கியல.

இசக்கி: (விலாவைத் தடவி) அதுக்குத்தான் அண்ணாச்சி இடது கை காவலுக்கு நிக்கணும். வூ சாவ். மறந்துட்டேன். இது தங்குத கை இல்லைம்பாரு சிஃபூ. வந்த உடனே போயிரணும். நான்தான் வாடகைக்குக் குடியிருக்க மாதிரி அதுலயே நிக்கேன்.

மாஸ்டர்: அப்பம் இது தடுக்கவும் செய்யாது, தங்கவும் செய்யாது. என்னதாம்ல செய்யும்?

இசக்கி: உங்க ஆலங்குளத்து வீடு ஓட்டு வீடுதான?

மாஸ்டர்: இப்பம் தளம் போட்டாச்சு. ஒழுகுது.

இசக்கி: அதான் விசயம்! ஓடு மழையைத் தடுக்கவா செய்யுது? சரிச்சு விடுது, அவ்வளவுதான். தளம் அப்படியே தாங்குது, தேங்குது, ஒழுகுது. முழங்கைதான் முகடு. மணிக்கட்டு எறவாரம். குத்து கையில விழுந்ததும் வழுக்கிட்டு வெளிய போயிரணும். கூடவே குதிங்காலுல உடம்பும் திரும்பணும்.

மாஸ்டர்: மழை பெஞ்சா வீடு திரும்புமாக்கும்.

இசக்கி: திரும்பணும். திரும்புனாத்தான் அவன் வெசை வாற பாதையை விட்டு நாம வெலகுவோம். வெறும் கையை மட்டும் தூக்குனா அவன் பலத்துக்கு நம்ம தோள் ஈடு குடுக்காது.

மாஸ்டர்: என் தோளு எதுக்குமே ஈடு குடுக்காது. 27 வருசம் வீச்சு போட்ட தோளு. (அவரும் முழங்கையைத் தூக்கிப் பார்க்கிறார். பாதியில் நிற்கிறது.) எலேய்... எறக்கி விடுல.

(இசக்கி பிடித்து இறக்கிவிடுகிறான்.)

இசக்கி: எறுக்கிப் பிடிச்சா அப்படித்தான். தோள் லூசா கிடக்கணும். இப் மேன்னு ஒரு பெரியவர் கேள்விப்பட்டிருக்கீயளா? ஃபோஷான் ஊர்க்காரரு. 1893-ல பொறந்தவரு. நல்ல வசதியா இருந்த குடும்பம். 1949-ல எல்லாத்தையும் போட்டுட்டு இங்க வந்தாரு. ஒல்லி தேகம். அவருதான் ஹாங்காங்குல இதைப் பரப்புனது. புரூஸ் லீ சின்னப் பையனா இருக்கப்போ அவருகிட்டதான் படிச்சான்.

மாஸ்டர்: கடற்கரையில சட்டையில்லாம செலையா நிக்காம்லா, அவனா? அவன் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புனேன். கூட யாருன்னு கேக்கா என் வீட்டுக்காரி.

இசக்கி: இப் மேன் வந்த புதுசுல, 1950-ல, மொத மொதல்ல யாருக்குச் சொல்லிக் குடுத்தாருன்னு நெனைக்கீய?

மாஸ்டர்: போலீஸுக்கா?

இசக்கி: ஹோட்டல் தொழிலாளிகளுக்கு. ஷாம் ஷுய் போவுல அவங்க சங்கத்துல. இங்கருந்து அஞ்சாவது ஸ்டேஷன்.

மாஸ்டர்: (அமைதியாகி, ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து) நம்ம ஆளுகளுக்கா?

இசக்கி: நம்ம ஆளுகளுக்குத்தான். தட்டு கழுவுதவன், எடுத்துக் குடுக்கவன், அடுப்புல நிக்கவன்.

மாஸ்டர்: அப்பம் அந்தக் காலத்துலயே பில்லு குடுக்காம ஓடியிருக்கானுவ.

இசக்கி: அது தெரியாது. இங்க வாங்க, ஒண்ணு காட்டுதேன். கண்ணால பாத்துத் தடுக்க முடியாதும்பாரு சிஃபூ. தோலுக்குத் தெரியணும். அதுக்கு சீ சாவ்னு ஒரு பழக்கம்.

மாஸ்டர்: சீ, சாவு! இப்பம் சரியா வச்சிருக்கான் பேரை.

இசக்கி: ஒட்டுத கை. உங்க கையும் என் கையும் ஒட்டிக்கிட்டே உருளணும். நீங்க எங்க அமுக்குதீயன்னு எனக்குக் கையிலயே தெரியும்.

(இருவரும் முன்கைகளை ஒட்டவைக்கிறார்கள். அண்ணாச்சியின் கை முழங்கை வரை எண்ணெய். நான்கு கைகளும் நான்கு திசையில் வழுக்கி, இசக்கி அவர் நெஞ்சில் முட்டிக்கொள்கிறான்.)

மாஸ்டர்: இது ஒட்டுத கை இல்லல. பாம்பு பிடிக்கிற கை. அந்தத் துணியை எடு.

(துடைக்கிறார்கள். மாஸ்டர் மறுபடி கைகளில் மாவைப் பூசிக்கொள்கிறார். இப்போது ஒட்டுகிறது. இசக்கியின் உள்ளங்கை மேல் பார்த்திருக்கிறது, அதன்மேல் மாஸ்டரின் முன்கை. மெல்ல உருள்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேர் ஒரே சட்டையை மாட்டப் பார்ப்பது போலிருக்கும்.)

மாஸ்டர்: நீ ஏன் மூச்சை அடக்கிட்டு நிக்க?

இசக்கி: யோசிக்கேன். எப்ப முழங்கையைத் தூக்கணும்னு.

மாஸ்டர்: மாவு யோசிக்குமால? இந்தப் பக்கம் அமுக்குனா அந்தப் பக்கம் பிதுங்கும். எடம் இருக்க பக்கமாப் போகும். பச்ச மாவுதான் முறுக்கிட்டு நிக்கும். ஊறுன மாவு போ போன்னு போகும். ஆமா, நம்ம கேஸ் பில்லு கட்டியாச்சா?

இசக்கி: நேத்தே கட்டி...

(மாஸ்டர் முழு உடம்பையும் போட்டு அமுக்குகிறார். இசக்கியின் முழங்கை தானாக எழும்புகிறது, மணிக்கட்டு சரிகிறது, குதிங்கால் திரும்புகிறது. மாஸ்டரின் கை அவன் காது ஓரமாகக் காற்றில் போகிறது. கூடவே மாஸ்டரும் போய் சாப்பாட்டு மேசையைப் பிடித்து நிற்கிறார்.)

இசக்கி: அண்ணாச்சி! கையைப் பாருங்க!

(முன்கையில், முழங்கைப் பக்கமிருந்து மணிக்கட்டு வரை, ஒரே இழுப்பாக மாவுக்கோடு.)

மாஸ்டர்: (மூச்சு வாங்கி) வட்டம் இல்ல. கோடு.

இசக்கி: வட்டம்னா வாங்கிக்கிட்டது. கோடுன்னா வழியனுப்புனது. அவங்க வாய்ப்பாடே அப்படித்தான் அண்ணாச்சி. வந்தா இருத்திக்கோ, போனா வழியனுப்பு, கை விட்டுச்சுன்னா நேரா குத்து.

மாஸ்டர்: விருந்தாளிக்குச் சொல்லுத மாதிரில்லா ஆரம்பிக்கு. கடைசி மட்டும் பங்காளிக்கு.

இசக்கி: இன்னொருவாட்டி, அண்ணாச்சி. இந்தக் கை ஞாபகம் விட்டுப் போறதுக்குள்ள.

மாஸ்டர்: போல, ராத்திரிக்கு 200 உருண்டை தட்டணும். (சால்னாச் சட்டியின் மூடியைத் திறந்து வாசல் பக்கம் கொண்டுவந்து வைக்கிறார். நிமிர்ந்தவர் அப்படியே நிற்கிறார்.) எலேய். வாசல்ல பாரு. டிரம்மு.

(போன சனிக்கிழமை ஓடிய ஆள். தலையைக் குனிந்தபடி கல்லாவை நோக்கி விறுவிறுவென்று வருகிறான். இசக்கி அவனைப் பார்க்கிறான், எதையும் தூக்கவில்லை, ஆட்டைக்கூட இடுக்கவில்லை. வந்தவனுடைய வலது கை திடீரென்று நெஞ்சுக்கு நேராக நீளுகிறது. முழங்கை எழும்புகிறது. மணிக்கட்டு சரிகிறது. உடம்பு திரும்புகிறது. வந்தவன் கை வழுக்கிக்கொண்டு காது ஓரம் போக, அதிலிருந்து சிவப்பாக ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து, ஃபேன் காற்றில் ஒரு சுற்று சுற்றி, சால்னாவில் இறங்குகிறது.)

மாஸ்டர்: (சட்டிக்குள் எட்டிப் பார்த்து) நூறு டாலருல.

இசக்கி: ...

மாஸ்டர்: அடி வந்தா டிரம்முல உக்காருத. துட்டு வந்தா தட்டி விடுத. என்ன மூதிக்குல இது?

இசக்கி: (மெதுவாக) அண்ணாச்சி, அவன் சட்டைக் கையைப் பாருங்க.

மாஸ்டர்: (பார்த்து) மாவு.

இசக்கி: வட்டமா, கோடா?

மாஸ்டர்: (கொஞ்ச நேரம் கழித்து) கோடுதாம்ல.

(வந்தவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி பின்னுக்கு நகர்கிறான்.)

மாஸ்டர்: பல்லைக் காட்டாத. சாரிணை எடுத்து அந்த நோட்டை அள்ளு. 14 டாலர் மீதி குடுத்து அனுப்பு. கையில குடுக்காத. மேசையில வையி.